பச்சைத் துண்டுக்குக் கரை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போராடுகிற இயக்கங்கள் பெரிய கட்சிகளோடு சேர வேண்டுமா, தனியாக நிற்க வேண்டுமா என்று உங்கள் நடுப்பக்கத்தில் இரண்டு பேர் எழுதியிருந்ததைப் படித்தேன். ஒருவர், அதிகாரத்துக்குள் போனால்தான் காரியம் நடக்கும் என்கிறார். இன்னொருவர், தனிக் கட்சி தொடங்கித் தேர்தலில் நில்லுங்கள் என்கிறார். இரண்டுமே நன்றாக எழுதப்பட்ட கட்டுரைகள்தான். ஆனால் இரண்டிலும் ஈரோடு மாவட்டத்து எங்கள் மொடக்குறிச்சி வரவில்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில் இந்த ஒரு தொகுதியில் மட்டும் 1,033 பேர் போட்டியிட்டார்கள். அதில் நானும் ஒருவன். அதனால் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லை என்று வெட்டுவதானால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், கடைசியில் ஊராட்சி பற்றிச் சொல்வதை மட்டும் வெட்டாதீர்கள்.

அன்றைக்கு விவசாயிகள் நாங்கள் ஏன் அப்படிக் கும்பலாக நின்றோம் என்பது இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வாய்க்கால் தண்ணீருக்கும் மஞ்சள் விலைக்கும் மனுக் கொடுத்து, மறியல் செய்து, கோட்டை வரை போய் வந்து எல்லாம் பார்த்தாயிற்று. எந்தக் கட்சியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, ஓட்டுக் கேட்டு வருகிற நேரத்திலாவது திரும்பிப் பார்க்க வைப்போம் என்றுதான் ஆளாளுக்கு மனுத் தாக்கல் செய்வது என்று முடிவாயிற்று. அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய். தாழ்த்தப்பட்டவர்களுக்கு அதிலும் பாதி. முன்மொழிய ஒரே ஒரு ஆள் போதும். எங்கள் ஊரில் அண்ணன் நிற்க, தம்பி முன்மொழிந்தான். தம்பி நிற்க, அண்ணன் முன்மொழிந்தான். பாரத்தை வாங்கி வாங்கி அடுக்கிய அலுவலர்களைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

இத்தனை பேருக்கும் எங்கே ஓட்டுச்சீட்டு அடிப்பது? தேர்தலையே ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். மாநிலம் முழுக்க ஓட்டு எண்ணி, புது அரசாங்கமும் வந்த பிறகுதான் எங்களுக்கு வாக்குப்பதிவு. ஓட்டுச்சீட்டு என்று கொடுத்தது புத்தகம். பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். கண்ணாடியை மறந்துவிட்டு வந்த எங்கள் சித்தப்பா மறைப்புக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவே இல்லை. ஏஜெண்டுகள் உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியாமல் கூப்பிடவும் முடியாமல் தவித்தார்கள். கடைசியில் வெளியே வந்தவர், "எம் பேரன் பேரு எந்தப் பக்கத்துலடா இருக்குது?" என்று சத்தமாகக் கேட்டார். அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். எங்கள் ஆட்களில் 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. அதாவது அவர்களே அவர்களுக்குப் போடவில்லை. எனக்கு மூன்று ஓட்டு விழுந்தது. எங்கள் வீட்டில் அப்போது ஓட்டு ஐந்து. மீதி இரண்டு பேர் யார் என்று என் மனைவியிடம் இன்று வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சிரிப்பாளே தவிரச் சொல்ல மாட்டாள்.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஓட்டுப் போட வந்தவர்களில் நிறையப் பேர் எங்கள் போராட்டத்துக்குச் சோறாக்கிப் போட்டவர்கள், மறியலில் எங்களோடு வேனில் ஏறியவர்கள். அவர்களே ஆயிரம் பெயரைத் தாண்டிப் போய், பக்கம் பக்கமாகப் புரட்டி, உதயசூரியனைத் தேடிப்பிடித்துக் குத்தினார்கள். அவர்கள் எங்களுக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1996இல் தமிழ்நாட்டு மக்கள் யார் போக வேண்டும், யார் வர வேண்டும் என்று தீர்மானமாக இருந்தார்கள். பர்கூரில் முதலமைச்சரே தோற்ற தேர்தல் அது. சட்டமன்றத் தேர்தல் என்றால் சனங்கள் கோட்டையில் யார் உட்கார வேண்டும் என்றுதான் யோசிப்பார்கள். வாய்க்கால் தண்ணீரையும் மஞ்சள் விலையையும் அன்றைக்கு ஒரு நாள் ஓரமாக வைத்துவிடுவார்கள். அடுத்த நாள் காலையில் மறுபடியும் நம்மோடு மறியலுக்கு வருவார்கள். இரண்டுமே அவர்களுக்கு நியாயமாகத்தான் படுகிறது. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அந்தத் தேர்தலில் நாங்கள் மட்டும் இல்லை. நாடாளுமன்றத்துக்கு ஆந்திராவில் நல்கொண்டாவில் 480 பேர், கர்நாடகத்தில் பெல்காமில் 456 பேர் நின்றார்கள். நல்கொண்டாவில் ஃபுளோரைடு தண்ணீரைக் குடித்து எலும்பு வளைந்த ஊர்களுக்காக நின்றார்கள். இதற்கெல்லாம் டில்லி என்ன செய்தது தெரியுமா? தண்ணீர் கொடுக்கவில்லை, சட்டத்தைத் திருத்தியது. சட்டமன்ற டெபாசிட் 250இலிருந்து 5,000 ஆயிற்று. நாடாளுமன்றத்துக்கு 500 என்பது 10,000 ஆயிற்று. சுயேச்சை என்றால் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றார்கள். ஓட்டுச்சீட்டில் அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரர்கள் பெயர் மேலே, சுயேச்சைகள் கடைசியில் என்று வரிசையையும் மாற்றினார்கள். இன்றைக்கு டெபாசிட் சட்டமன்றத்துக்கு 10,000, நாடாளுமன்றத்துக்கு 25,000. ஆக, தனியாக நில்லுங்கள் என்று எழுதிய நண்பருக்கு நான் சொல்வது இதுதான்: நாங்கள் நின்று பார்த்தோம், நாங்கள் நின்றதாலேயே அந்தக் கதவு பாதிக்கு மேல் சாத்தப்பட்டுவிட்டது.

அப்படியும் 2019இல் தெலங்கானாவில் நிஜாமாபாத் மஞ்சள் விவசாயிகள் அந்தக் கதவை முட்டித் திறந்தார்கள். மஞ்சளுக்கும் சிவப்புச் சோளத்துக்கும் விலை கேட்டு 178 பேர் மனுப் போட்டார்கள். ஆளுக்கு 25,000 என்றால் மொத்தம் நாற்பது லட்சத்துக்கு மேல் டெபாசிட். கட்சிக்காரர்களோடு சேர்த்து 185 வேட்பாளர்கள். ஒரு வாக்குச்சாவடிக்குப் பன்னிரண்டு இயந்திரங்களை வரிசையாக வைத்தார்கள். அங்கே எம்.பி.யாக இருந்தவர் அப்போதைய முதலமைச்சரின் மகள். அவர் தோற்றுப் போனார். மஞ்சள் வாரியம் கொண்டு வருவேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்த பா.ஜ.க. வேட்பாளர் ஜெயித்தார்.

எங்கள் மொடக்குறிச்சியை விட இது பெரிய காரியம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். நின்ற 178 விவசாயிகளில் ஒருவரும் ஜெயிக்கவில்லை. அவர்கள் ஒரு கட்சியைத் தண்டிக்கப் போனார்கள், அதன் பலன் இன்னொரு கட்சிக்குப் போயிற்று. வாரியம் திறக்க 2025 ஜனவரி ஆயிற்று, கிட்டத்தட்ட ஆறு வருஷம். அதற்குள் அடுத்த நாடாளுமன்றத் தேர்தலும் வந்து போய்விட்டது. வாரியம் அங்கே நிஜாமாபாதில் இருக்கிறது, ஈரோட்டில் இல்லையே என்று எங்கள் பக்கம் இன்னும் வருத்தம் உண்டு. இருக்கட்டும், அவர்களும் மஞ்சள்காரர்கள்தானே.

சரி, தனியாக நின்றால் இப்படி. கட்சியில் சேர்ந்தால்?

இதற்கு எங்கள் கீழ்பவானிக் கிளை வாய்க்காலிலேயே ஆள் இருக்கிறார். பெயர் வேண்டாம், கட்சியும் வேண்டாம். பத்து வருஷத்துக்கு மேல் எங்கள் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். மதகில் தண்ணீர் குறைந்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரை மேலேயே நடந்து போவார், எங்கே உடைத்து எடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் வருவார். பொதுப்பணித் துறைக்காரர்களே அவருக்குப் பயப்படுவார்கள். அப்படிப்பட்டவரை ஆளுங்கட்சியில் கூப்பிட்டார்கள். விவசாய அணியில் ஒன்றியப் பொறுப்பு கொடுத்தார்கள். கூட்டம் கூட்டமாகப் போய்ச் சேர்ந்தார்கள், மண்டபத்தில் பிரியாணி போட்டார்கள். விவசாய சங்கத்துப் பச்சைத் துண்டு போட்டு வந்த மனுஷன் அடுத்த கூட்டத்துக்குக் கட்சிக் கரை வேட்டியோடு வந்தார். துண்டு தோளில்தான் இருந்தது.

அந்த வருஷமே தண்ணீர் திறப்பில் தகராறு. காலம் தாண்டியும் வாய்க்கால் முடிகிற கடைமடைக்கு வரவில்லை. நாங்கள் ரோட்டில் உட்கார்ந்தோம். சமாதானம் பேச வந்த ஜீப்பில் இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்து சீட்டில் இருந்து இறங்கினார் நம்ம ஆள். "அண்ணா, மேலிடத்துல பேசிட்டிருக்கறோம். இன்னிக்கு மந்திரி ப்ரோகிராம் இருக்குது. கொஞ்சம் கலைஞ்சிருங்க" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கெட்டவர் இல்லை. அவர் பேசிப் பேசி எங்கள் ஊருக்குத் தார் ரோடு வந்தது, ஒரு கால்நடை மருந்தகம் வந்தது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் அது அரசாங்கத்துக்கு எதிராகப் போகும். அப்புறம் ஆட்சி மாறியது. இப்போது அதிகாரிகள் அவர் போனை எடுப்பதில்லை. சங்கத்தில் மற்றக் கட்சி அனுதாபிகள் அவரோடு பேசுவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு போக எங்களுக்கும் ஆள் இல்லை.

சட்டமன்றம் வரை போனாலும் இதே கதைதான், கொஞ்சம் பெரிய அளவில். பெரிய கட்சியின் சின்னத்தில் நின்று ஜெயித்தால் சட்டப்படி நீங்கள் அந்தக் கட்சி உறுப்பினர். கொறடா சொன்னபடிதான் கை தூக்க வேண்டும். இல்லாவிட்டால் பதவி போய்விடும். 1999 வரை தேர்தலையே புறக்கணித்து வந்தவர் திருமாவளவன். 2001இல் கடலூர் மாவட்டத்து மங்களூர் தொகுதியில் உதயசூரியனில் நின்று ஜெயித்தார். 2004இல் அந்தப் பதவியை விட்டு விலகினார். பானைச் சின்னத்தோடு அவருடைய விடுதலைச் சிறுத்தைகள் கட்சி மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற்றது 2025இல். இடையில் கால் நூற்றாண்டு. அவரைப் போன்ற ஆளுமையும் தொண்டர் பலமும் இருந்தவருக்கே இத்தனை வருஷம் என்றால், ஒரு வாய்க்கால் சங்கமும் ஒரு விமான நிலைய எதிர்ப்புக் குழுவும் என்ன செய்ய முடியும்?

எங்கள் பக்கத்துப் பெரியவர், விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. கோவை வையம்பாளையத்துக்காரர். மின்கட்டணத்தைச் சில பைசா ஏற்றியதற்காகத் தொடங்கிய போராட்டம் அவருடையது. 1970 ஜூனில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1972இல் கோவை நகரத்துக்குள் மாட்டு வண்டிகளைக் கொண்டு வந்து நிறுத்தி ஊரையே அசையவிடாமல் செய்தார்கள். என் அப்பா வண்டி கட்டிக்கொண்டு போனவர். அவருக்குக் கட்சி காங்கிரஸ், பக்கத்து வண்டிக்காரர் தி.மு.க. வண்டி கட்டும்போது அதை யாரும் கேட்கவில்லை. நாயுடு 1982இல் தனியாகக் கட்சி தொடங்கினார். அதோடு வண்டிக்கு வண்டி கேள்வி வந்துவிட்டது. நீ நம்ம கட்சியா, பழைய கட்சியா? 1984 டிசம்பரில் கோவில்பட்டியில் அவர் காலமானார். சங்கம் பல துண்டாகப் போயிற்று. இன்று பச்சைத் துண்டு போட்ட சங்கம் எத்தனை என்று எண்ணக் கை விரல் போதாது.

ஆனால் அவர் கேட்டது கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதுதான் விஷயம். 1984இல் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தார். 1989இல் ஆட்சிக்கு வந்த கலைஞர் அதை எல்லா விவசாயிக்கும் கொடுத்தார். இரண்டு பேரும் நாயுடு கட்சிக்குப் பயந்து கொடுக்கவில்லை. ஒருவர் கொடுத்தால் இன்னொருவருக்கு ஓட்டுப் போய்விடுமே என்று பயந்து கொடுத்தார்கள். 2003இல் ஜெயலலிதா அரசு மறுபடி கட்டணம் போட்டது. 2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஒரு தொகுதிகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. முடிவு வந்த அதே மாதம் இலவச மின்சாரம் திரும்ப வந்துவிட்டது. அந்தத் தேர்தலில் விவசாயிக்கு என்று தனியாகச் சின்னம் இருந்ததா? இல்லை. கோபம் இருந்தது, அந்தக் கோபம் யாருக்கும் சொந்தமாகாமல் இருந்தது.

வன்னியர் சங்கம் நடத்திய 1987 சாலை மறியலும் அப்படித்தான். 21 உயிர் போயிற்று. 1989இல் மிகவும் பிற்பட்டோருக்கு 20 சதவீத இடஒதுக்கீடு வந்தது. பா.ம.க. தொடங்கியது அதற்கு அப்புறம். கட்சியானதும் என்ன நடந்தது, எந்தக் கூட்டணியில் எந்த வருஷம் இருந்தது என்பதையெல்லாம் உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பஞ்சாபைப் பாருங்கள். அங்கத்து விவசாயிகள் டில்லி எல்லையில் ஒரு வருஷம் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்திருந்தார்கள். கட்சித் தலைவர்களை மேடையில் ஏற்றவே இல்லை. 2021 நவம்பர் 19ஆம் தேதி பிரதமரே டி.வி.யில் வந்து மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். இவ்வளவு பெரிய வெற்றியைச் சமீபத்தில் எந்த இயக்கமும் பார்க்கவில்லை. அந்த டிசம்பரிலேயே அங்கிருந்த சங்கங்களில் 22 சேர்ந்து தேர்தல் அணி தொடங்கின. 2022 பிப்ரவரியில் நின்றார்கள். 117 தொகுதியில் ஒன்றும் வரவில்லை, தலைவர் ராஜேவாலுக்கே டெபாசிட் போயிற்று. அதே ஊர்க்காரர்கள்தான், டிராக்டரில் லங்கர் என்கிற பொதுச் சமையலுக்கு மாவு கொண்டுவந்து கொடுத்தவர்கள்தான். அவர்கள் ஆம் ஆத்மிக்கு 92 இடம் கொடுத்தார்கள்.

விதிவிலக்கு இல்லையா என்று கேட்டால் உண்டு. கர்நாடகத்தில் 2023இல் மேலுகோட்டையில் விவசாய சங்கத்துப் பையன் தர்ஷன் புட்டண்ணையா சொந்தக் கட்சியில் ஜெயித்தார். காங்கிரஸ் ஆள் நிறுத்தாமல் விட்டுக் கொடுத்தது. அது மண்டியா, கரும்பும் காவிரியும் அவருடைய அப்பா பேரும் சேர்ந்த ஊர். எல்லா இயக்கத்துக்கும் அப்படி ஒரு அப்பா கிடைக்க மாட்டார்.

எங்கள் சங்கத்தில் ஒரு இளைஞன் இருக்கிறான். பொறியியல் படித்துவிட்டுத் தென்னந்தோப்பு பார்க்கிறவன். போன கூட்டத்தில் எழுந்து, "பெரியப்பா, இன்னும் எத்தனை வருஷம் மனு குடுத்துட்டே இருக்கறது? உள்ள போயி உக்காந்தாத்தான ஆகும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் கட்சியும் வேண்டாம், தேர்தலும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவன் இன்னும் ஒரு வருஷத்தில் ஏதாவது ஒரு கரை வேட்டி கட்டிக்கொண்டு போய்விடுவான்.

அவனுக்கு நான் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். சட்டமே கட்சிச் சின்னத்தை வெளியே நிறுத்தி வைத்திருக்கிற இடம் ஒன்று இருக்கிறது. கிராம ஊராட்சி. ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும்தான் கட்சி. யார் பின்னால் எந்தக் கட்சி இருக்கிறது என்று ஊருக்கே தெரியும், அது வேறு. ஆனால் ஓட்டுப் போடும்போது சனங்கள் அங்கே கோட்டையைப் பற்றி யோசிப்பதில்லை. குடிதண்ணீர், குளம், சாக்கடை, இவன் வீட்டுக்குப் போனால் வெளியே வருவானா மாட்டானா, இதைத்தான் பார்க்கிறார்கள். பாசன சபைகளும் அப்படியே. இங்கே நிற்கலாம், நிற்க வேண்டும். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் சங்கம் சங்கமாகவே இருக்க வேண்டும். பொறுப்பில் இருப்பவர் யாரும் கட்சிப் பொறுப்பு வாங்கக் கூடாது. உறுப்பினர் எந்தக் கட்சியிலும் இருக்கலாம், ஓட்டையும் அவரவர் இஷ்டத்துக்குப் போடலாம். ஓட்டுக் கேட்டு வருகிற எல்லா வேட்பாளரையும் மதகடிக்குக் கூப்பிட்டு நிறுத்திக் கேள்வி கேட்பது மட்டும் சங்கத்தின் வேலை. 2021இல் இதே மொடக்குறிச்சியில் வெற்றி தோல்வி 281 ஓட்டில் முடிந்தது. தோற்றவர் அதே சுப்புலட்சுமி ஜெகதீசன். ஒரு மதகுக்குக் கீழே இருக்கிற ஓட்டே அதைவிட அதிகம். இது எல்லாக் கட்சிக்காரருக்கும் தெரியும்.

கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுகிற பிரச்சினையில் இதன் அருமை எங்களுக்குப் புரிந்தது. 2020இல் 700 கோடிக்கு மேல் ஒதுக்கி அரசாணை வந்தது. கடைமடைக்காரர்கள், மங்களப்பட்டி வரை தண்ணீர் வர வேண்டுமானால் கசிவை அடைக்க வேண்டும் என்றார்கள். மேல்பக்கத்தில் அந்தக் கசிவை நம்பிக் கிணறும் தென்னையும் வைத்திருப்பவர்கள், அடைத்தால் நாங்கள் செத்தோம் என்றார்கள். இரண்டு பக்கமும் விவசாயிதான், இரண்டு பக்கமும் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒரே குடும்பத்தில் மேலே ஒரு தோட்டம், கீழே ஒரு தோட்டம் இருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள். இந்தச் சண்டையைக் கட்சிக்குள் கொண்டுபோனால் மாவட்டச் செயலாளர் எந்தப் பக்கம் ஓட்டு அதிகம் என்று பார்ப்பார். எங்களுக்குள் வைத்துக்கொண்டபோது சண்டை போட்டோம், வாக்குவாதம் செய்தோம், சிலர் இன்னும் பேசுவதில்லை. ஆனால் எந்த மதகில் எவ்வளவு கசிகிறது என்று அளந்தது நாங்கள்தான்.

ஊராட்சித் தீர்மானத்துக்கு என்ன மரியாதை என்று கேட்பீர்கள். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள், அரசு அசையவில்லை. உண்மைதான், அதனால் எல்லாம் ஆகிவிடாது. இருந்தாலும் எங்கள் மாவட்டத்தில் பெருந்துறை சிப்காட்டில் கோகோ கோலா ஆலைக்கு ஒதுக்கிய 71 ஏக்கரை 2015 ஏப்ரலில் ரத்து செய்தார்கள். அதற்காகக் கடையடைத்தவர்களில் எல்லாக் கட்சிக்காரரும் இருந்தார்கள், எந்தக் கட்சியும் அதைத் தன் போராட்டம் என்று சொல்ல முடியவில்லை. அந்த மாதிரி நேரத்தில் ஊர்த் தலைவர் நாற்காலியில் நம் ஆள் இருந்தால் வேலை பாதி சுலபம்.

இதில் ஒரு இடைஞ்சல். அந்த நாற்காலியே காலியாகக் கிடக்கிறது. 2016இல் பதவிக்காலம் முடிந்தபோது தேர்தல் நடத்தாமல் மூன்று வருஷம் இழுத்தார்கள். ஒரு கழகம் வழக்குக்குப் போயிற்று, இன்னொரு கழகம் அதையே சாக்காக வைத்துக்கொண்டது. 2019 டிசம்பரில் ஒருவழியாக 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது, ஈரோடும் அதில் உண்டு. அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலரைப் போட்டார்கள். ஆட்சி மாறினாலும் இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்றே ஊரில் தெரியவில்லை, அலுவலர் ஒருவருக்குப் பல ஊர் பொறுப்பு.

எங்கள் இளைஞன் இப்போது வார்டு வார்டாகப் போய்ப் பட்டியல் தயார் செய்துவிட்டான். யார் எங்கே நிற்பது, பெண்கள் வார்டில் யார், செலவுக்கு வீட்டுக்கு எவ்வளவு என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறான். மனுத் தாக்கலுக்குத் தேதிதான் வேண்டும். அதனால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இயக்கம் கட்சியில் சேரலாமா என்று எங்களைக் கேட்பது போல, ஊராட்சித் தேர்தலை ஏன் உரிய காலத்தில் நடத்துவதில்லை என்று எல்லாக் கட்சித் தலைவர்களிடமும் ஒருமுறை கேட்டு, அவர்கள் சொல்கிற பதிலை அப்படியே அதே நடுப்பக்கத்தில் போடுங்கள். ஒருவர் பதிலுக்குப் பக்கத்தில் இன்னொருவர் பதில் இருக்கும்படி போட்டால் இன்னும் நல்லது. நாங்கள் அதை வெட்டி மதகடியில் ஒட்டி வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மஞ்சள் விவசாயி,
மொடக்குறிச்சி வட்டம், ஈரோடு மாவட்டம்.